ஆறு கண்ணியில் தொடங்கும் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் கற்றல் விளைவுகள், மதிப்பீடு, துணைக்கருவிகள் என்று பேசுவது வழக்கம். எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிடத்தில் நான் ஒரு கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசப் போகிறேன். மஞ்சள் நூலால் பின்னிப் பஞ்சு அடைத்த, சாவிக்கொத்தில் தொங்கவிடும் அளவுள்ள கோழிக்குஞ்சு. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேசி முடிக்கும்போது மதிப்பீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடுவேன்.

நான் கடலோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பள்ளித் தையல் ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். சென்ற ஆண்டு மதிய இடைவேளைகளில் அவரிடம் குரோஷா பின்னல் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, எதுவுமே தெரியாத ஒன்றை அடியிலிருந்து கற்பது நம்மில் பலருக்கு வாய்ப்பதில்லை. நாள் முழுக்கத் தெரிந்ததையே சொல்லிக்கொடுக்கும் தொழில் நம்முடையது.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். விருப்பமுள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: 2.5 அல்லது 3 மி.மீ. கொக்கி ஊசி ஒன்று, மஞ்சள் நிறத்தில் பருத்தி நூலோ உல்லன் நூலோ ஒரு கண்டு, கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் கொஞ்சம் நூல், முனை மழுங்கிய பெரிய ஊசி, ஓர் ஊக்கு, ஒரு சாவி வளையம், பஞ்சு. கடையில் விற்கும் ஃபைபர் பஞ்சும் சரி, வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சும் சரி. கொக்கி ஊசியின் முனை கூர்மையற்றது என்பதால் பிள்ளைகள் கையில் தையல் ஊசியைவிட இது பாதுகாப்பானது.

இந்தக் குஞ்சுக்குத் தெரிய வேண்டிய பின்னல் ஒன்றே ஒன்றுதான். அதை ஒற்றைக் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். கொக்கியைத் துளையில் நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி அந்த இரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஒரு கண்ணி முடிந்தது. காணொலி பார்த்துக் கற்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். பெயர் இரண்டு, பின்னல் ஒன்று.

ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு, இரண்டு சங்கிலி பின்னுங்கள். கொக்கியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலித் துளைக்குள்ளேயே ஆறு கண்ணிகள் போடுங்கள். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு கண்ணிகள் போட, 12 ஆகும். மூன்றாம் சுற்றில் ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட, 18. நான்கு, ஐந்து, ஆறாம் சுற்றுகளில் கூட்டாமல் குறைக்காமல் 18 கண்ணிகள். ஏழாம் சுற்றில் ஒரு கண்ணி தனியாக, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக என்று பின்னிக்கொண்டே வர, 12. இப்போது பஞ்சை அடைத்துவிடுங்கள். எட்டாம் சுற்றில் இரண்டிரண்டாகச் சேர்க்க, 6. ஒரு முழ நூல் விட்டு வெட்டி, அந்த ஆறு கண்ணிகளிலும் ஊசியால் நூலைக் கோத்து இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். மூடிய முனையை உச்சந்தலையாக வைத்துக்கொண்டால் மீதி நூலாலேயே சாவி வளையத்தைக் கட்டிவிடலாம். கறுப்பு நூலில் இரண்டு கண், ஆரஞ்சு நூலில் சிறு முக்கோணமாக மூக்கு. வீட்டில் கைக்குழந்தை இருக்கும் பிள்ளைகளிடம் கண்ணுக்கு மணி கோக்க வேண்டாம், நூலிலேயே தைக்கச் சொல்லுங்கள். மணி பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுவிடும்.

மொத்தம் எட்டுச் சுற்று, 108 கண்ணிகள். பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு குஞ்சு. இப்படிப் பஞ்சடைத்துப் பின்னும் பொம்மைகளை ஜப்பானியர் அமிகுருமி என்கிறார்கள். அமி என்றால் பின்னல். நுயிகுருமி என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் அது.

இதில் கணக்கு ஆசிரியரைப் பிடித்து நிறுத்துவது அந்த ஆறு என்ற எண். ஏன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கூட்டுகிறோம்? ஒற்றைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஒரு சுற்று பின்னினால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது சுமார் 6.28 கூட வேண்டும். அதற்கு அருகில் இருக்கும் முழு எண் ஆறு. எண்ணெழுத்துப் படிக்காத பாட்டிமார்கூடக் கைப்பழக்கத்தில் கண்டுகொள்ளக்கூடிய கணக்கு இது. ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும். அளவுக்கு மீறிக் கூட்டிக்கொண்டே போனால் கோழிக்கொண்டைப் பூவைப்போல விளிம்பு சுருண்டு மடியும். இந்தச் சுருளைத்தான் 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா பயன்படுத்திக்கொண்டார். தாளில் காட்டக் கடினமான அதிபரவளைய வடிவியலைக் குரோஷாவில் பின்னி, மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்.

தொடக்கநிலைக்கு இது ஆறாம் வாய்ப்பாடு. ஏழாம் வகுப்புக்கு வட்டத்தின் சுற்றளவு. பத்தாம் வகுப்புக்குக் கூட்டுத் தொடர்வரிசை. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியைப் பி.எட். தேர்வுக்காக நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கைத்தொழிலின் வழியே பாடம் என்பதற்கு நான் கையால் தொட்ட உதாரணம் இதுதான்.

இனி, கற்றபோது நான் கவனித்த மூன்று விஷயங்கள்.

ஒன்று, முதல் சுற்றுதான் மிகக் கடினம். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொள்ள ஒரு வட்டமாவது இருக்கும். முதல் சுற்றில் விரலுக்குப் பிடிமானமே கிடையாது. கற்பவரின் கவனம் முழுவதும் விரலில் இருக்கிறது. அப்போது பக்கத்திலிருந்து யாராவது விளக்கிக்கொண்டே இருந்தால் எதுவும் காதில் ஏறாது. எங்கள் தையல் ஆசிரியைக்கு இது தெரிந்திருந்தது. “டீச்சர், நான் இப்ப பேச மாட்டேன். என் கையை மட்டும் பாருங்க” என்று சொல்லிவிட்டு மெதுவாக ஆறு கண்ணி போட்டுக் காட்டினார். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தலும் கற்பித்தல்தான். ஒன்றாம் வகுப்பில் பென்சில் பிடிக்கும் குழந்தைக்கும், ஆறாம் வகுப்பில் முதன்முறை கவராயம் பிடிக்கும் குழந்தைக்கும் நாம் கொடுக்க வேண்டியது அந்த அமைதியான ஒரு நிமிடம். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்துச் செய்துகாட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல அவர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு, ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் எண்ண வேண்டும். சுற்றின் முதல் கண்ணியில் ஊக்கு மாட்டிவைப்பது அதற்காகத்தான். பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் பதினொன்று வந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பஞ்சடைத்து மூடிய பிறகு குஞ்சு கோணலாக இருப்பதைக் கண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. வளரறி மதிப்பீட்டுக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வளரறி மதிப்பீடு, சுற்றுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும் ஊக்கு.

மூன்றாவதுதான் நான் பேச வந்த செய்தி. குரோஷாவில் தவறு நடந்தால் கொக்கியை எடுத்துவிட்டு நூலை இழுக்கிறோம். கண்ணிகள் வரிசையாகப் பிரிந்து வருகின்றன. நூல் அப்படியே இருக்கிறது. வெட்டு இல்லை, கறை இல்லை. அதே நூலில் மறுபடி பின்னலாம்.

இதை எனக்குப் பாடமாக்கியவன் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். அப்பா கடலுக்குப் போகிறவர். விடுமுறை நாட்களில் கிழிந்த வலையைச் சரிசெய்வதில் இவனும் உட்காருவான். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது வாய் திறக்க மாட்டான். அவனுடைய கணக்கு நோட்டில் தேதி இருக்கும், தலைப்பு இருக்கும், கீழே வெறும் தாள். எழுதினால்தானே சிவப்பு மை விழும்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகளில் பிள்ளைகளுக்குக் குரோஷா சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். பையன்கள் முதலில் ஒதுங்கி நின்றார்கள். தையல் ஆசிரியை “ஒவ்வொரு கண்ணியா எண்ணுங்க” என்றபோது இவன் நிமிர்ந்தான். கண்ணி என்பது அவன் வீட்டுச் சொல். வலையின் அளவையே அவர்கள் கண்ணியை வைத்துத்தான் சொல்கிறார்கள். முன்னால் வந்து உட்கார்ந்தான். அன்றைக்கே இரண்டு சுற்று முடித்தான். மூன்றாம் சுற்றில் எண்ணிக்கை பதினேழு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முகம் வாடிப்போய்த் தன்னுடையதைக் கீழே வைத்திருந்தாள். அவளுக்கும் எண்ணிக்கை சரியாக வரவில்லை. இவன் எந்தக் கவலையும் இல்லாமல் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு அவளிடம் சொன்னான்: “வலையில முடிச்சு தப்பாப் போனா அவுத்துட்டுப் போடுறதுதானே? இதுக்கு ஏன் அழுவுற?”

கையில் நூல் இருக்கும்போது இவ்வளவு தைரியமாக இருக்கும் பிள்ளை, கையில் பேனா இருக்கும்போது ஏன் பயப்படுகிறான்? நோட்டில் பிரித்துப் பின்ன இடமில்லை. அங்கே எழுதியது எழுதியதுதான், அதன்மேல் மதிப்பெண் விழுந்துவிடும்.

அடுத்த வாரம் ஒரு சிறு மாற்றம் செய்தேன். ஏழாம் வகுப்பு நோட்டுகளில் இடதுபக்கம் முழுவதும் பிரித்துப் பின்னும் பக்கம் என்று அறிவித்தேன். அங்கே முயன்று பார்க்கலாம், அடிக்கலாம், திரும்ப எழுதலாம். அந்தப் பக்கத்தில் என் சிவப்புப் பேனா படாது. பிள்ளை தயார் என்று சொல்லி வலதுபக்கத்தில் எழுதியதை மட்டும் திருத்துவேன். இடதுபக்கத்தைக் கண்ணால் பார்ப்பேன். எந்த இடத்தில் கண்ணி தவறியது என்பதை அதுதான் காட்டும்.

அந்த மாணவன் முதல் மாணவனாகிவிட்டான் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அவனுக்கு இன்னும் வகுத்தல் தடுமாறுகிறது. ஆனால் ஆறாம் வாய்ப்பாட்டை நூலைப் பிடித்தபடி சொல்கிறான். அவனுடைய இடதுபக்கங்கள் இப்போது நிறைந்திருக்கின்றன, அடித்தல் திருத்தல்களோடு. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டும். வெறும் தாளோடு அங்கே போகிற பிள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? காலையில் வலைக்குப் போகக் கூப்பிட ஆள் இருக்கிறது. பள்ளிக்குப் போகக் காரணம் அவனுக்குள் இருக்க வேண்டும். தவறாக எழுதலாம், திருத்திக்கொள்ளலாம் என்று தெரிந்த பிள்ளை உட்கார்ந்திருப்பான். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

சில நடைமுறைக் குறிப்புகளோடு முடிக்கிறேன். வகுப்பு முழுவதற்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஐந்தாறு பேருக்குக் கற்றுக்கொடுங்கள், அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பிரித்த நூலை வீணென்று எறிய விடாதீர்கள். பையன்களையும் பெண்களையும் கலந்து உட்காரவையுங்கள். கண்காட்சிக்காக வேகப்படுத்த வேண்டாம். முடிந்த குஞ்சைப் பிள்ளை தன் பையிலோ வீட்டுச் சாவியிலோ மாட்டிக்கொள்ளட்டும். முக்கியமாக, இதற்கென்று தனியாக ஒரு பதிவேடு போட்டுவிடாதீர்கள். நம்மிடம் ஏற்கெனவே போதுமான பதிவேடுகள் இருக்கின்றன.

குரோஷாதான் வேண்டும் என்பதில்லை. கூடை முடைவதோ, பூக்கட்டுவதோ, நீச்சலோ, ஒரு புதிய மொழியின் எழுத்துகளோ எதுவாகவும் இருக்கலாம். இந்தப் பருவத்துக்குள் உங்களுக்குச் சிறிதும் தெரியாத ஒன்றை உங்களைவிட இளையவர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். முதல் சுற்றில் உங்கள் விரல்கள் என்ன பாடுபடுகின்றன என்பதை அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். வெளியே மேசையில் பத்துக் கொக்கி ஊசிகளும் நூலும் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் முதல் ஆறு கண்ணியைப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் தையல் ஆசிரியையும் வந்திருக்கிறார்.