குளுவாங் ரயிலடியும் காஹாங் பயணிகளும்



காஹாங்கில் ரயில் நிலையம் கிடையாது. குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. நமக்கும் ரயிலுக்கும் என்ன உறவு என்று தாய்மார்கள் கேட்கலாம். ஆனால், மகன் கோலாலம்பூரில் படிக்கிறான், மகள் ஜோகூர் பாருவில் வேலை செய்கிறாள், மருமகன் சிங்கப்பூருக்குப் போய் வருகிறான் என்று சொல்லாத வீடு நம் தோட்டங்களில் குறைவு. அவர்களுக்கெல்லாம் பக்கத்து ரயிலடி குளுவாங்தான். அங்கே வந்திருக்கும் மாற்றம் நம் வீட்டுச் செலவையும் நேரத்தையும் தொடுகிறது.

கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரையுள்ள பாதை 1909-இல் திறக்கப்பட்டது. 1923-இல் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூர் வரை வண்டிகள் ஓடின. மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலைக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக உழைத்தார்கள். நிலைய அதிபர்களிலும் கிராணிகளிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர். குளுவாங் நிலையத்துக் காப்பிக்கடை 1938-இல் தொடங்கியது. ரயில் ஏறாதவர்கள்கூட அந்தக் காப்பிக்காக ரயிலடிக்கு வந்தது தனிக் கதை!

இவ்வளவு பழைய பாதையில் வண்டி ஏன் ஊர்ந்து வந்தது? ஒரே ஒரு தண்டவாளப் பாதை என்பதுதான் முக்கியக் காரணம். தோட்டத்து மண் சடக்கில் எதிரும் புதிருமாக இரண்டு லோரிகள் வந்தால் என்ன ஆகும்? ஒன்று ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ரயிலும் அப்படித்தான். எதிர் வண்டி கடந்து போகும் வரை, ஏதாவது ஒரு நிலையத்தின் பக்கப் பாதையில் இது காத்துக் கிடக்கும். ஒரு வண்டி தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் வண்டியும் தாமதம். எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை.

இப்போது சுமார் 192 கிலோமீட்டர் தூரத்துக்குப் போக ஒன்று, வர ஒன்று என இரட்டைப் பாதை போட்டு, மின்கம்பியும் இழுத்துவிட்டார்கள். இ.டி.எஸ். எனப்படும் மின்சார ரயில் 2010-இல் ஈப்போ பக்கம் ஓடத் தொடங்கியது. 2015-இல் கிம்மாஸை எட்டியது. அதற்குத் தெற்கே வருவதற்குப் பத்தாண்டு ஆயிற்று. 2025 மார்ச்சில் சிகாமட், ஆகஸ்டுக் கடைசியில் குளுவாங், டிசம்பரில் ஜோகூர் பாரு. முன்பு கிம்மாஸில் மூட்டை முடிச்சோடு இறங்கி டீசல் வண்டிக்கு மாறினோமே, அந்தச் சிரமம் தீர்ந்தது.

தண்டவாளத்தின் அகலம் பழைய ஒரு மீட்டர்தான். தமிழ்நாட்டில் அந்த மீட்டர் பாதைகளைப் பெரும்பாலும் அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். இங்கே அகலத்தை மாற்றாமலே மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடியது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

வேகம் நல்லதுதான். ஆனால் விரைவு வண்டி எல்லாச் சிறு நிலையத்திலும் நிற்காது. இரட்டைப் பாதையின் பெரிய இலாபம், விரைவு வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல், நின்று நின்று போகும் உள்ளூர் வண்டியையும் விட முடியும் என்பதே. ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்க வேண்டியது அதைத்தான். காஹாங் மக்கள் கேட்க வேண்டியது பேருந்து. ரயில் வந்து சேரும்போது பேருந்து போய்விட்டால், குளுவாங்கிலிருந்து வீட்டுக்கு டாக்சிக்குத் தண்டம் கட்ட வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தைப் பாருங்கள். பாலராட், பெண்டிகோ போன்ற ஊர்களுக்குச் செல்லும் பாதைகளைச் சீர்செய்து, 2006-க்குள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துக்கு உயர்த்தினார்கள். அதே வி-லைன் நிறுவனம், ரயில் போகாத சிற்றூர்களிலிருந்து ரயில் நேரத்துக்குப் பொருந்தும்படி பேருந்துகளையும் விடுகிறது. ஒரே சீட்டில் இரண்டிலும் போகலாம். 2023 மார்ச் மாத இறுதியில், தொலைவூர்க்காரரின் ஒரு நாள் கட்டணமும் மெல்பர்ன் நகரத்தாரின் ஒரு நாள் கட்டணத்தை மிஞ்சக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். குளுவாங்குக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டுமென்று தோட்டத்துச் சங்கமும் ஆலயக் குழுவும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் சேர்ந்து ஒரு மனு எழுதலாம். எத்தனை பேர், எந்தக் கிழமை, எந்த நேரத்தில் பயணம் செய்கிறார்கள் என்ற கணக்கை அதோடு இணையுங்கள். வெறும் குறையைவிடக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்டிகைக் காலத்தில் இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். தீபாவளிக்குப் பிள்ளைகள் வர வேண்டுமானால் முன்னதாகவே பதியச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதியத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டு இளைஞர்கள் உதவ வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

தண்டவாளத்தை ஒட்டிய தோட்டங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரத்தைப்போல் நூறு மடங்கு. கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே பாய்ந்துவிடும். பிள்ளைகள் அங்கே பட்டம் விடக்கூடாது. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பை அந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது. பாலத்தைக் கடக்கும்போது தரையோடு படுக்கைவாட்டில், முன்னே ஒருவர் பின்னே ஒருவராகத் தாழ்த்திப் பிடித்துக் கொண்டு போங்கள்.