நைஜீரியப் பெப்பர் சூப்பும் அதன் நான்கு வாசனைகளும்

மேற்கு ஆப்பிரிக்கச் சமையல் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது காரம்தான். அதிலும் நைஜீரியாவின் பெப்பர் சூப் என்றால் கேட்கவே வேண்டாம். பெயரிலேயே காரம் இருக்கிறது. வெளிநாட்டில் அதை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் மிளகாயின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் சூப் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கறியை வேகவைத்து, மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் அள்ளிப் போட்டு, மூக்கில் நீர் வழியக் குடித்துவிட்டு, இதுதானா அது என்று கேட்கிறார்கள். அது இல்லை என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பெப்பர் சூப்பில் காரம் வெறும் மேல்தோல்தான். அதன் உயிர் எஹுரு, உடா, உசிசா, சென்ட் லீஃப் என்ற நான்கு வாசனைகளில் இருக்கிறது. அவற்றை எந்தப் பக்குவத்தில், எந்த நேரத்தில் தண்ணீரில் இறக்குவது என்பதில்தான் சமைப்பவரின் கைத்திறமை தெரியும்.

முதலில் இந்தச் சாற்றின் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் சூப் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நாம் குழம்பு என்று சொல்வதைப் போன்றது. எகுசி விதையை அரைத்துச் சேர்ப்பதும், ஒக்போனோ விதையின் வழவழப்பில் கெட்டியாவதும், நிலக்கடலையை அரைத்துச் செய்வதும் எல்லாமே ஃபுஃபு, எபா போன்ற களி உருண்டைகளைத் தொட்டு விழுங்குவதற்கானவை. பெப்பர் சூப் அந்தக் குடும்பத்தில் தனித்து நிற்கிறது. நீர்க்கத்தான் இருக்கும், கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பார்கள். எண்ணெய் ஊற்றித் தாளிப்பதில்லை. மாவு கரைத்து ஊற்றுவதில்லை. தேங்காய், கடலை, தக்காளி என்று சுவையைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆட்டுக்கறியோ கெளுத்தி மீனோ கோழியோ குடலும் ஈரலும் கலந்த கறியோ, அதன் சாறு, உப்பு, வெங்காயம், காய்ந்த கூனி இறால் பொடி, பிறகு அந்த வாசனைப் பொருட்கள், அவ்வளவுதான். மறைத்துக்கொள்ள இடமில்லாத சமையல் இது. கெட்டிக் குழம்பில் ஒரு பிழை நடந்தால் அரைத்த விழுது அதை மூடிவிடும். தெளிந்த சாற்றில் எல்லாப் பிழையும் நாக்கில் வந்து நிற்கும்.

இப்போது அந்தப் பொருட்களை அருகில் வைத்துப் பார்ப்போம். எஹுரு என்று இக்போ மக்கள் சொல்வது ஒரு மரத்தின் விதை. ஆங்கிலத்தில் இதை ஆப்பிரிக்க ஜாதிக்காய் என்பார்கள். ஆனால் ஜாதிக்காய் மரத்துக்கும் இதற்கும் குடும்ப உறவு கிடையாது. சீத்தாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. புளியங்கொட்டையைப் போல நீள்வட்டமாக, பழுப்பு ஓட்டுடன் இருக்கும். வெறும் வாணலியில் இளந்தீயில் புரட்டிக்கொண்டே இருந்தால் ஓடு காய்ந்து நொறுங்கும் பதத்துக்கு வரும். விரலால் அழுத்தினால் ஓடு விரிந்து, உள்ளே வெளிர்நிறப் பருப்பு தெரியும். அந்த நேரத்தில் எழும் மணத்தில் ஜாதிக்காயின் இனிப்பும் காட்டு மரத்தின் வாடையும் சேர்ந்திருக்கும். வறுக்காமல் இடித்தால் ஓடும் பருப்பும் கலந்து தூள் கரகரக்கும். கருகவிட்டால் கசக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள பதத்தைப் பிடிப்பதில்தான் சூப் தொடங்குகிறது.

உடா என்பது கறுத்து, முடிச்சு முடிச்சாகச் சுருங்கிய ஒரு நெற்று. இதுவும் சீத்தாப்பழக் குடும்பம்தான். பலவிடங்களில் புகையில் காயவைப்பதால் ஒரு புகைமணம் அதில் தங்கியிருக்கும். செனகலில் இதையே காப்பிக்கொட்டையோடு சேர்த்து வறுத்து அரைத்து, தூபா காப்பி என்று குடிக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘செலிமின் மணிகள்’ என்ற பொருளில் பெயர். அந்தப் பெயரை நம்பி மணிகளைத் தேடி எடுத்து இடித்தால் காரியம் கெட்டது. வாசனை இருப்பது மேல்தோட்டில். உள்ளே இருக்கும் விதை கசக்கும். ஆகவே நெற்றை லேசாகத் தட்டி, விதையை உதறிவிட்டு, தோட்டை முழுசாகவே சாற்றில் போட்டு, பரிமாறும்போது எடுத்துவிடுவது நல்ல வழி.

மூன்றாவது உசிசா. மிளகு, வெற்றிலை, திப்பிலி ஆகியவற்றின் சொந்த இனம். மிளகைவிடச் சிறியது, ஒவ்வொரு மணியிலும் ஒரு சின்னக் காம்பு ஒட்டியிருக்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் வால்மிளகு பார்த்தவர்களுக்கு இந்த உருவம் உடனே பிடிபடும். போர்த்துகீசியரும் இதை ‘வால் மிளகு’ என்ற பொருள்படத்தான் அழைத்தார்கள். நான்காவது சென்ட் லீஃப், துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு பச்சிலை. யோருபா மக்கள் எஃபிரின் என்பார்கள். கசக்கினால் கிராம்பும் ஓமமும் கலந்தது போன்ற வாசம் வரும். இதோடு பட்டியல் முடிந்துவிடுவதில்லை. இபிபியோ, எஃபிக் மக்கள் உயாயக் என்ற நான்கு சிறகுள்ள காயைப் போடுவார்கள். சிலர் கசப்புக்கு உடாசி இலை கிள்ளிப் போடுவார்கள். ஊருக்கு ஊர் கூட்டு மாறும். ஆனால் மாறுகிற அத்தனையும் மணப்பொருட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். மணம் மணம் என்கிறீர்களே, அங்கே உள்ளவர்களே இதை நாக்கு எரியத்தானே குடிக்கிறார்கள், பெயரே பெப்பர் சூப்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பீர் கடைகளில் குளிர்ந்த பீரோடும் பனங்கள்ளோடும் இது பரிமாறப்படுகிறது. உயிர்மீனைத் தொட்டியில் காட்டி, நீங்கள் கைகாட்டியதை வெட்டிச் சமைத்துத் தரும் கடைகளுக்கு ‘பாயிண்ட் அண்ட் கில்’ என்றே பெயர். அங்கே காரத்தைத் தூக்கி வைப்பதற்குக் காரணம் உண்டு: காரம் ஏறினால் அடுத்த மிடறு தேவைப்படும். ஆனால் அந்தக் காரத்துக்கே அவர்கள் எந்த மிளகாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். யோருபாவில் அட்டா ரோடோ எனப்படும், குண்டாகச் சுருங்கிய ஸ்காட்ச் பானட் மிளகாய் அது. ஸ்கோவில் அளவில் 1,00,000 முதல் 3,50,000 வரை போகும் உக்கிரம் கொண்டது. அதே சமயம் பழத்தின் வாசனை கொண்டது. வெறும் எரிச்சல்தான் வேண்டுமென்றால் எந்த மிளகாய்த்தூளும் போதும். அந்தப் பழவாசனைக்காகவே இந்த மிளகாய். உடைக்காமல் முழுசாக மிதக்கவிட்டு எடுத்தால் மணம் இறங்கும், காரம் மட்டாக நிற்கும். நறுக்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கும். காரத்தின் பொருளாக நாம் நினைப்பதும் இந்தப் பானையில் வாசனைப் பொருளாகவே வந்து சேர்கிறது.

வரலாறும் இதையே சொல்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் செடி. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் அது கடல் தாண்டியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்கள் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் வந்தது, நம் கரைக்கும் வந்தது. அதற்கு முன்பே அந்த மண்ணில் உறைப்பு இருந்தது. உசிசா இருந்தது. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஏலத்தின் உறவான மெலகெட்டா விதைகள் இருந்தன. ஐரோப்பியர் அவற்றைச் சொர்க்கத்தின் மணிகள் என்று கொண்டாடி வாங்கினார்கள். இன்றைய லைபீரியாவின் கரைக்கு மிளகுக் கரை என்ற பெயர் அதனால் வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து, மலபார் மிளகு கடல்வழியே லிஸ்பனுக்குப் போகத் தொடங்கியதும், அந்த வாணிபத்தைக் காப்பதற்காக ஆப்பிரிக்க வால்மிளகின் வியாபாரத்தைப் போர்த்துகீசிய அரசு தடை செய்தது. நம் மிளகின் பெருமையைப் பேசும்போது, அதற்காக ஓரங்கட்டப்பட்ட இந்த மிளகையும் நினைத்துப் பார்ப்பது முறை. ஐரோப்பியச் சந்தை மறந்தாலும் அந்த மண்ணின் அடுப்பு அதை மறக்கவில்லை. மிளகாய் வந்து நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் ஆன பிறகும் உசிசாவும் எஹுருவும் உடாவும் பானையை விட்டு வெளியேறவில்லை என்றால், மிளகாயால் ஈடுசெய்ய முடியாத ஏதோ ஒன்று அவற்றில் இருக்கிறது என்றுதானே பொருள்?

இனி அடுப்படிக்கு வருவோம். ஒரு கிலோ எலும்போடு உள்ள ஆட்டுக்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் தோலோடு தீயில் வாட்டிச் சுரண்டிய கறியை விரும்புவார்கள். ஆட்டுக்கால் சூப்புக்குக் காலை வாட்டும் பழக்கமுள்ள நமக்கு அது புதிதில்லை. கறியை வெங்காயமும் உப்பும் சேர்த்து, மூழ்கும் அளவு தண்ணீரில் வைத்து, நுரை வந்தால் வழித்தெடுத்து, நிதானமாக வேகவிட வேண்டும். உடா தோடு இரண்டு மூன்று முதலிலேயே போகலாம். முழுசாக இருப்பதால் மெல்லத்தான் மணம் விடும். எஹுரு நான்கைந்து, உசிசா ஒரு தேக்கரண்டி, இரண்டையும் இடித்த பொடி கறி முக்கால்வாசி வெந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இவற்றின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு ஓடிப்போகக்கூடியவை. ஒரு மணி நேரம் திறந்த பானையில் கொதித்தால் வீடு முழுக்க மணக்கும், சாற்றில் மிச்சம் இருக்காது. இறால் பொடியும் மிளகாயும் இந்தக் கட்டத்தில் சேரட்டும். மிளகாயின் எரிவுப் பொருள் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். ஆகவே மேலே மிதக்கும் கறிக்கொழுப்புத்தான் காரத்தைச் சுமந்துகொண்டு முதல் வாயிலேயே உதட்டைச் சுடும். அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் வழித்துவிட்டால் காரம் தணியும், அடியில் இருக்கும் மணம் நாக்குக்கு எட்டும். இந்த ஒரு செயலைச் செய்து பார்த்தவருக்கு என் வாதத்துக்கு வேறு சாட்சி தேவைப்படாது.

மீன் என்றால் வேகமாக முடியும். கெளுத்தியின் வழவழப்பைக் கல் உப்பு போட்டு உரசி, வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சாறு தயாரான பிறகே மீன் இறங்கும். இறங்கியபின் கரண்டி போடக் கூடாது, பானையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். அங்கே பெரிதும் பயன்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை இந்தியாவில் வளர்ப்பதற்குத் தடை இருப்பதால் நம் நாட்டுக் கெளுத்தியே போதும்.

இது நம் மிளகு ரசம்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்பவர்களும் உண்டு. ரசத்தின் முதுகெலும்பு புளிப்பு, முடிவில் தாளிப்பு. பெப்பர் சூப்பில் புளிப்பும் இல்லை, தாளிப்பும் இல்லை. ஆட்டுக்கால் சூப் இன்னும் நெருக்கம். ஆனால் மஞ்சளும் மல்லியும் சீரகமும் சேர்ந்து அதற்கு ஒரு பொதுவான மசாலாச் சட்டை போட்டுவிடுகின்றன. பெப்பர் சூப்பில் ஒவ்வொரு மணமும் தனித்தனியாக நிற்கும். சில கடைப்பொடிகளில் மல்லியும் சோம்பும் சேர்வதுண்டு. அப்படிச் சேரும்போது அந்தத் தனித்தன்மை மங்கிவிடுகிறது என்பது என் கருத்து. ஸ்டாக் கியூப் போட்டாலும் அதே கதைதான். நைஜீரிய வீடுகளிலேயே அது சாதாரணமாகப் புழங்குகிறது என்றாலும், எலும்பு நிதானமாக வெந்த சாற்றுக்கு அது தேவையில்லை.

கடினமான மறுப்பு பொருட்களைப் பற்றியது. இவை கிடைக்காத ஊரில் மாற்றுப் பொருள் போட்டால் அது பெப்பர் சூப் ஆகுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. உசிசாவுக்கு மிளகும் வால்மிளகும் சமமாக இடித்துப் போட்டால் கிட்டத்தட்ட அந்த வழியில் போகும். எஹுருவுக்கு ஜாதிக்காயைத் துருவலாம், ஆனால் பாதி அளவுதான். கூடினால் சாறு பாயசத்தின் நினைவைக் கொண்டுவரும். சென்ட் லீஃபுக்குத் துளசியோடு இரண்டு ஓமவல்லி இலை கிள்ளிப் போடலாம். உடாவுக்கு மாற்று இல்லை. அதன் புகைமணத்தைக் கறுப்பு ஏலக்காய் கொஞ்சம் நினைவூட்டும், அவ்வளவே. மாற்றுப் பொருளோடு செய்வதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். உலகெங்கும் இடம்பெயர்ந்த நைஜீரியர்களும் கிடைத்ததைக் கொண்டுதான் சமைக்கிறார்கள். மாற்றும்போது மணத்துக்கு மணம் என்று மாற்ற வேண்டும். மணம் கிடைக்கவில்லை என்று காரத்தைக் கூட்டுவதுதான் பிழை.

இந்தச் சாற்றுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, பிள்ளை பெற்றவளின் அறை. இக்போ மக்களிடம் மகளின் பிரசவத்துக்குத் தாய் வந்து தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஓமுக்வோ என்று பெயர். அப்போது யாம் கிழங்கையும் காய்ந்த மீனையும் உடாவையும் உசிசாவையும் போட்டு, ‘ஜி ம்மிரி ஒக்கு’ என்று ஒரு பெப்பர் சூப் செய்து கொடுப்பார்கள். வெந்நீர்க் கிழங்கு என்று பொருள். கருப்பையைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் உண்டு. மருத்துவச் சான்றாக அதை நான் முன்வைக்கவில்லை. சூடான சாறும் மீனும் கிழங்கும் களைத்த உடம்புக்கு எளிதாகச் சேரும் உணவு என்பதே போதுமான நியாயம். நம் பத்தியக் குழம்பை அறிந்தவர்களுக்கு அந்தத் தாயின் கை அந்நியமாகத் தோன்றாது.

இலை கடைசியில். அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன் சென்ட் லீஃபைக் கையால் கிழித்துப் போட்டு, உடனே மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம் மூடி திறக்கக் கூடாது. பக்கத்தில் வேகவைத்த வெள்ளை யாம் துண்டுகள் இருந்தால் நல்லது. நம் ஊரில் அதற்குச் சேனையைத் தேட வேண்டாம். யாமின் இனத்தைச் சேர்ந்த வெற்றிலைவள்ளி கிடைத்தால் அதை உப்புப் போட்டு வேகவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து, முதலில் முகர்ந்து பாருங்கள்.