வெளிநாட்டு விவகாரம் நமக்கு வெளி விவகாரமா?

(தூத்துக்குடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத்தில் 'சர்வதேச உறவுகள்' என்றொரு பாடம் இருக்கிறது. பி.காம்., எஞ்சினியரிங், கம்ப்யூட்டர் என்று பிள்ளைகளைச் சேர்க்கும் நம் பெற்றோரிடம் இதன் பெயரைச் சொன்னால், "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவான்?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கடற்கரைக்கும் அந்தப் பாடத்துக்கும் உள்ள சொந்தத்தைப் பேசிவிடுவோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அங்கே வந்தன. பாண்டிய மன்னனுக்குத் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்திருக்கிறார். சகோதரர்களில் ஒருவர் கீஷ் தீவில் குதிரை வணிகத்தின் தலைவர். இன்னொருவர் இங்கே அமைச்சர்!

இந்தப் பெருமையை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். 1530களில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? முத்துக் குளிப்பு உரிமை குறித்து நம் முன்னோருக்கும் பரதவ மக்களுக்கும் மூண்டது உள்ளூர்ச் சச்சரவுதான். பரதவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். ஊர் ஊராகக் கத்தோலிக்க மார்க்கத்தில் சேர்ந்தார்கள். 1538இல் வேதாளையில் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் கடற்படை போர்த்துக்கீசியரிடம் தோற்றது. அதன்பின் இந்தக் கரையின் முத்துக்கு வரி வாங்கியவன் ஐரோப்பாக்காரன். 1658இல் டச்சுக்காரன் வந்தான், பிறகு ஆங்கிலேயன். சண்டை போட்ட இரண்டு சமுதாயத்தாரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்டை வீட்டுத் தகராறில் அந்நிய வல்லரசு எப்படி நுழைகிறது என்பது இன்று பல்கலைக்கழகத்தில் ஒரு தனிப் பாடம். நம் ஊர்க் கதையே அதற்குப் போதும்.

முத்து விலை என்ன ஆனது என்பதும் வெளிநாட்டுச் சேதிதான். ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்தார். அடுத்த 40 ஆண்டுகளில் வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியது; பஹ்ரைனும் குவைத்தும் முத்துத் தொழிலை இழந்தன. இங்கே கடைசியாக முத்துக் குளித்தது 1961இல்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருவோம். கச்சத்தீவு பற்றி இங்கே பேசாத வாய் உண்டா? ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் கை தூக்கலாம் என்றால் எத்தனை கை எழும்? சில பக்கங்கள்தான். 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே, விசா இல்லாமல் கச்சத்தீவுக்குச் சென்று வரலாம் என்கிறது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் வழிவழியாக அனுபவித்து வந்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. சென்று வரலாம் என்றால் மீன் பிடிக்கலாமா? அங்கேதான் வழக்கே! 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வரைந்தார்கள். அதோடு இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதே ஏற்பாட்டில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பாங்க் மீன்வளப் பகுதி இந்தியாவுக்கு உறுதியானது. மேடையில் முழங்குகிறவர்களில் எத்தனை பேர் 1974ஐயும் 1976ஐயும் பிரித்துச் சொல்கிறார்கள்? கடலோர மக்களைக் கேட்காமல் கோடு போட்டார்கள் என்ற மனக்குறை இன்றும் ஆறவில்லை. அந்தக் குறையை எடுத்துரைக்கவும் எழுத்தைப் படித்தவன் வேண்டும்.

ஏற்றுமதி செய்யும் பெரியவர்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. பயணம் 10 நாளுக்கு மேல் நீண்டது. கப்பல் கூலியும் இன்சூரன்சும் ஏறின. சனா எங்கே, பாபுல் மன்தப் எங்கே என்று அப்போதுதான் வரைபடத்தைத் தேடினோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது இறால் ஏற்றுமதியாளர்கள் பட்டபாட்டை நீங்களே பார்த்தீர்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்களை விமானத்தில் அழைத்து வர வேண்டியிருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நினைவிருக்கும்.

இளைஞர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விடுகிறோம், ஊர்வலம் போகிறோம். வேண்டியதுதான். ஆனால் 1917 பால்ஃபர் அறிவிப்பில் என்ன இருக்கிறது, 1967இன் 242ஆம் எண் ஐ.நா. தீர்மானத்தில் எந்த வார்த்தை மீது தகராறு, 1993 ஆஸ்லோ உடன்பாடு எதைத் தள்ளிப்போட்டது என்று கேட்டால் நம்மில் பலர் மௌனமாகிவிடுகிறோம். எதிரே வாதாடுகிறவன் இவற்றையெல்லாம் படித்துவிட்டு வருகிறான். கண்ணீருக்கு அவன் பதில் சொல்ல மாட்டான்.

இப்போது வேலைக் கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன்: எஞ்சினியரிங் முடித்தவனுக்கு வருவதுபோல் படித்து முடித்த கையோடு இதில் சம்பளம் வராது. கல்லூரி ஆசிரியர் பணி, பத்திரிகை, ஆய்வு நிறுவனங்கள் என்று வழிகள் உண்டு, பொறுமை வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். தேர்வில் சர்வதேச உறவுகள் எல்லோருக்கும் பொதுத்தாளிலேயே வருகிறது. அரசியல் அறிவியலோடு சேர்த்து விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டியதில்லை. ஊருக்கு இருவர் மூவர் படித்தால் போதும்.

எங்கே படிப்பது? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கியது. 1970இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஜாமியா மில்லியாவிலும் பன்னாட்டு ஆய்வுக்கென ஒரு நிலையம் உண்டு. அலிகரில் மேற்கு ஆசிய ஆய்வுத் துறை இருக்கிறது. அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கினால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். எந்தப் பட்டம் பெற்றவரும் பெரும்பாலும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு.

நம் பிள்ளைகளிடம் ஒரு முதல் இருக்கிறது. அதன் மதிப்பு நமக்கே தெரியவில்லை. மதரஸாவில் அரபி கற்றவன் கெய்ரோ பத்திரிகையை அரபியிலேயே படிக்கலாம். மற்ற மாணவன் அதற்கு இரண்டு மூன்று வருடம் பாடுபட வேண்டும். கொழும்பில் கடையில் நின்ற பெரியவர்கள் சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். பேரனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தீர்களா? இலங்கை பற்றிச் சென்னையிலும் டெல்லியிலும் எழுதுகிறவர்களில் சிங்களப் பத்திரிகையைச் சிங்களத்தில் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

வணிகப் பெருமக்களே, திருமணத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு, ஒரு மாணவனின் இரண்டு வருட டெல்லி விடுதிச் செலவுக்குப் போதும். ஜமாஅத்துகள் ஆளுக்கொருவரை எடுத்துக்கொள்ளலாம். படிப்பவன் திரும்பி வந்து, வருடத்துக்கு இரண்டு முறை இதே போன்ற கூட்டத்தில் கப்பல் பாதையும் வரிச் சட்டமும் எப்படி மாறுகின்றன என்று உங்களுக்கு விளக்கட்டும். அந்த நிபந்தனையோடே கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய வீடுகளை இடிக்கும்போது, பரண் மீது கிடக்கும் கொழும்புக் கடைக் கணக்கேடுகள், அர்வியில் எழுதிய கடிதங்கள், தோணிச் சரக்குச் சீட்டுகள், பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன. இந்தக் கடலின் உறவுகளை ஆராய வரும் மாணவனுக்கு அவையே மூலச் சான்று. இடிப்பதற்கு முன் ஒரு பெட்டியில் போட்டு எறும்பு, ஈரம் படாமல் வையுங்கள். யாருடைய கடை, எந்தத் தெரு, எந்த வருடம் என்று மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.