குறைவது எந்தத் தொட்டி?

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஒருநாள் பொனட்டைத் திறக்கிறார்கள். கூலன்ட் தொட்டியில் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருக்கிறது. சிலர் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார்கள். வேறு சிலர், ‘இது கரண்ட் வண்டி, நமக்கேன் வம்பு’ என்று நேரே கராஜுக்கு விடுவார்கள். குறைவது எது, அது எங்கே போகிறது என்ற தேடலை இரு தரப்பாருமே தொடுவதில்லை. வீட்டில் செய்யத்தக்க வேலைகளில் முதன்மையானது அந்தத் தேடல்தான் என்பதே இன்று நான் சொல்ல வருவது. ஸ்பானர் அதற்குப் பிறகுதான். சில வேளை அதற்குத் தேவையே வராது.

இந்தப் பேச்சு இப்போது ஏன் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டொயோட்டா ஹைபிரிட்களான பிரியஸ்களுக்கும் அக்வாக்களுக்கும் வயது மட்டும் ஏறியது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஜப்பானில் வெளிவந்தது 2009இல், அக்வா 2011 கடைசியில். றப்பர் ஹோஸ் இறுகும், ரேடியேற்றரின் இரு ஓரத்திலும் உள்ள பிளாஸ்ரிக் தொட்டி வெடிக்கும், பம்பின் சீல் தேயும். எவ்வளவு நவீன வண்டி என்றாலும் இந்த மூப்பு வந்தே தீரும். போதாக்குறைக்குப் பிரியஸின் டாஷ்போட்டில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. எச்சரிக்கை விளக்குத்தான் உண்டு. அது எரியும்போது காலம் கடந்திருக்கலாம். ஆகவே கூலன்ட் விஷயத்தில் முன்கூட்டியே எச்சரிப்பது அந்தத் தொட்டியின் கோடு ஒன்றுதான்.

தொட்டி என்றேன், உண்மையில் இரண்டு தொட்டிகள். பிரியஸிலும் அக்வாவிலும் கூலன்ட் இரண்டு தனி வழிகளில் ஓடுகிறது. ஒன்று எல்லாக் கார்களிலும் உள்ளது: எஞ்சினின் சூட்டை ரேடியேற்றருக்குக் கொண்டுபோவது. மற்றது ஹைபிரிட்டுக்கே உரியது: பற்றரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வேற்றரையும், மோட்டார் இருக்கும் கியர்ப்பெட்டியையும் குளிர்விப்பது. அதற்குத் தனித் தொட்டி, சாதாரண 12 வோல்ற்றில் ஓடும் தனிப் பம்ப். பின்னால் இருக்கும் பெரிய பற்றரிக்கு இதில் பங்கில்லை. அது காற்றில் குளிர்வது. இரு வழிகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஆனால் இரண்டிலும் ஓடுவது ஒரே இளஞ்சிவப்புக் கூலன்ட். எனவே தரையில் விழுந்த சொட்டின் நிறத்தை வைத்து எந்த வழியில் கசிவு என்று சொல்ல முடியாது. விளைவு மட்டும் வேறு வேறு. எஞ்சின் வழி வற்றினால் சிலிண்டர் ஹெட் வளையும் அளவுக்குப் போகலாம். இன்வேற்றர் வழி வற்றினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வண்டியின் கணினி இழுவையைக் குறைக்கும், அல்லது வீதியிலேயே நிறுத்திவிடும். கூலன்ட் நிறைந்திருந்தும் அந்தப் பம்ப் நின்றுபோனால் இதே கதைதான். இரண்டாம் தலைமுறைப் பிரியஸ்களை 2012 நவம்பரில் டொயோட்டா திரும்ப அழைத்ததற்கு அந்தப் பம்பும் ஒரு காரணம்.

இனித் தேடலுக்கு வருவோம். காகிதமும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி, சமதரை, காலை வேளை. இரண்டு தொட்டிகளின் வெளிப்பக்கத்திலும் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டி, அளவு நிற்கும் இடத்தில் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் முன்பக்கம் முழுவதற்கும் வெள்ளை மட்டை ஒன்றை விரித்து வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓடிவிட்டு, மறுபடி அதே காலை வேளையில், அதே இடத்தில் பாருங்கள். மட்டையில் நிறமில்லாத, வாசமில்லாத தண்ணீர் மட்டும் விழுந்திருந்தால் அது ஏசியில் இருந்து வடிவது, கோடும் இறங்கியிருக்காது. அப்படியென்றால் நிம்மதியாகத் தேநீர் குடிக்கலாம். விரலில் வழுவழுப்பும் இனிப்பு வாசமும் இருந்தால்தான் கூலன்ட். தொட்டுப் பார்த்தவர்கள் கையைக் கழுவிவிடுங்கள், நேயர்களே. அதில் இருக்கும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், குழந்தையும் விரலை வாயில் வைக்கும்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர்மேலே கசிவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வண்டியின் அடியில் பிளாஸ்ரிக் மூடி உண்டு. ஒழுகியது அதில் தேங்கி, சரிந்து, வேறெங்கோ போய் விழும். ஆகவே ஈரத்தை விட்டுவிட்டுக் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்ததுபோல வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு படிவு நிற்கும். ஹோஸ் கிளிப்பின் ஓரம், ரேடியேற்றரில் பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பு, பம்பின் அடிப்பக்கம், ரேடியேற்றர் மூடியின் கழுத்து: இந்த நான்கு இடங்களிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். படிவின் மேல்முனை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. இருக்கைக்கு முன்னால் காலடி விரிப்பு ஈரமாகி, கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான புகார் படிந்தால், கசிவு ஹீற்றருக்குள்ளே. இவை எதுவுமில்லாமல் எஞ்சின் தொட்டியின் கோடு மட்டும் இறங்கி, காலையில் எஞ்சின் முதன்முதல் எழும்பும்போது வண்டி சில விநாடி குலுங்கினால், கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே போகிறது என்று ஐயுற வேண்டும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் ஹெட் கஸ்கற் போகும்போது பலர் சொல்லும் அடையாளம் இதுதான். அங்கே வீட்டுத் தேடல் முடிந்தது, இனிக் கராஜ். ஆனால் ‘தண்ணி குறையுது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாமல், எந்தத் தொட்டியில், எத்தனை நாளில், எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போவீர்கள். மெக்கானிக்கின் தேடலும், அதற்கு நீங்கள் கொடுக்கும் கூலியும் பாதியாகக் குறைய வழி உண்டு.

‘இதெல்லாம் சரி, ஆனால் ஹைபிரிட்டின் பொனட்டுக்குள் கை வைப்பது உயிரோடு விளையாடுவதல்லவா?’ என்ற கேள்வி நியாயமானது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரி 201.6 வோல்ற், அதை இன்வேற்றர் 650 வோல்ற் வரை உயர்த்துகிறது. ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம்தான். ஆனால் அது செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளில், வண்டியின் உடலோடு தொடர்பில்லாமல் ஓடுகிறது. வண்டியை அணைத்ததும் பற்றரியிலிருந்து துண்டிக்கப்படுகிறது. கூலன்ட் ஹோஸில் மின்சாரம் இல்லை. எனவே எல்லை தெளிவானது: செம்மஞ்சள் கம்பியையோ இன்வேற்றரின் மூடியையோ தொடவேண்டி வந்தால் அது வீட்டு வேலை அல்ல. வீட்டில் உண்மையாகவே ஆளைத் தாக்குவது வேறு இரண்டு. ஒன்று, ‘ரெடி’ விளக்கு எரியும் வண்டி சத்தமில்லாமல் நிற்கும். அணைந்துவிட்டதென்று கையை உள்ளே விட்டால் எஞ்சின் தானாக எழும்பும், விசிறி சுழலும். வண்டியை அணைத்து, ரிமோட் சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிட்டு வாருங்கள். மற்றது கொதிநீர். மூடியின் அழுத்தத்தில் கூலன்ட் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் விட்டு, ஒரே கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சூடு முழுக்க ஆறும்வரை அந்த மூடியைத் தொடாதீர்கள்.

‘குறைந்தால் தண்ணீர் ஊற்றினால் போகிறது’ என்பது இன்னொரு வாதம். பழைய வண்டிகளில் காலம் ஓட்டியது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் அள்ளுவது சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட்டில் துருவைத் தடுக்க பொஸ்பேற் சேர்க்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்தால் அது படிவாக மாறும். இன்வேற்றரின் ஒடுங்கிய வழிகளுக்குள் அந்தப் படிவு போய் நிற்பது கசிவைவிடக் கெடுதல். அந்தக் கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்தே வருகிறது, அப்படியே ஊற்றவேண்டியது. அவசரத்துக்கு வேறு வழியில்லை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். கசிவை அடைக்கும் தூளுக்கும் இதே பதில்தான்: ஓட்டை எது, ஒடுங்கிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

நேரம் போய்க்கொண்டிருப்பதால் பழுதுபார்ப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தளர்ந்த கிளிப், வெடித்த ஹோஸ், தேய்ந்த மூடி ஆகிய மூன்றையும் கை பழகியவர்கள் ஆறிய வண்டியில் வீட்டிலேயே மாற்றலாம். வடித்த கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். கிணற்றடியில் ஊற்றினால் அது நம் குடிநீருக்கே வந்துசேரும். இன்வேற்றர் வழியை நிரப்பிய பின், வண்டியை ‘ரெடி’யில் விட்டு அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கூலன்ட் சலசலத்துச் சுழன்றால் பம்ப் ஓடுகிறது. அசையாமல் கிடந்தால் காற்று அடைத்திருக்கிறது அல்லது பம்ப் போய்விட்டது. அந்த நிலையில் வண்டியை வீதியில் இறக்கவேண்டாம்.

ஆக, கோடு போடுங்கள், தடத்தைத் தேடுங்கள், செம்மஞ்சளை விட்டு விலகுங்கள், கிணற்றுத் தண்ணீரை வண்டிக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கராஜில் ‘எங்கே ஒழுகுது?’ என்று மெக்கானிக் உங்களைக் கேட்கும்போது, ‘இன்வேற்றர் பக்கம், பம்புக்குக் கீழ்க் கிளிப்பில்’ என்று நீங்கள் சொல்லவேண்டும் என்பதே என் விருப்பம்.