கடல்நீர்த் தொட்டியும் உயிர்க்கல்லும்



கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன்களை வளர்ப்போரை நாம் பல வீடுகளில் காண்கிறோம். கடல் மீன்களை அவ்வாறு வளர்ப்பது அதனினும் அரிய பணி. அத்தொட்டியில் மீனைக் காட்டிலும் முதன்மையான பொருள் ஒன்று உண்டு. அதுதான் கல். அழகுக்காக வைக்கப்படும் கல் என்று அதனை எண்ணிவிட வேண்டா. நீரைத் தூய்மை செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி அதனுடையதே. அக்கல் எத்தகையது, அதனை எவ்வாறு அடுக்கிச் சரியாமல் நிறுத்துவது, அதனை எங்கிருந்து பெறுவது என்னும் மூன்று செய்திகளை இன்று கூற விரும்புகிறேன்.

பவள உயிர்கள் சுண்ணாம்பால் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் எஞ்சும் கூட்டையே நம் கடற்கரை மக்கள் முருகைக்கல் என்பர். அதன் உடலெங்கும் நுண்துளைகள். கடலில் கிடக்கும் காலத்தில் அத்துளைகளில் நுண்ணுயிர்களும், சிறு புழுக்களும், கடற்பஞ்சுகளும் குடியேறுகின்றன. மேற்புறத்தில் ஊதா நிறப் பாசி படர்கிறது. கல் உயிர் பெறுவதில்லை; உயிர்களுக்கு வீடாகிறது. ஆதலின் அதற்கு உயிர்க்கல் என்று பெயர்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் தீங்குடையது, நைட்ரேட்டு அவ்வளவு கொடியதன்று. கல்லின் உட்புறத்தே, பிராணவாயு எட்டாத துளைகளில் வேறு வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. இவ்வாறு ஒரே கல்லின் புறத்தே ஒரு தொழிலும் அகத்தே ஒரு தொழிலும் ஓயாது நடைபெறுகின்றன.

இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், கடல்நீரும் உயிர்க்கல்லும் மெல்லிய காற்றோட்டமும் கொண்டே தொட்டியில் கடலுயிர்களை வளர்த்த முறையை 1961-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள், உயிர்க்கல்லோடு வலுவான நீரோட்டத்தையும், நுரை வழியே கழிவைப் பிரிக்கும் கருவியையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தனர். அது இன்றும் பெர்லின் முறை என்றே வழங்குகிறது.

கல்லின் தொழிலை அறிந்தால், அடுக்கும் முறை தானே விளங்கும். நீர் பாயாத இடத்தில் கல் பயன் தராது. சிலர் தொட்டியின் பின்புறத்தை ஒட்டிக் கற்களைச் செங்கற்சுவர் போல் எழுப்புகின்றனர். பார்வைக்கு அது மலைபோல் தோன்றும். ஆனால் அதன் பின்னே நீர் தேங்கும். மீன்கள் உண்ணாது விட்ட இரையும் கசடும் படிந்து அழுகும். துடைக்கக் கையும் நுழையாது. ஆகவே நாற்புறமும் கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே கை நுழையும் அளவு வெளி இருத்தல் வேண்டும். கற்களிடையே குகைகளும் வாயில்களும் அமைய வேண்டும். அவற்றின் வழியே நீர் ஓடும். அஞ்சிய மீன் ஒளிந்துகொள்ளும். கல்லை வைப்பது பாதி வேலை. வெளியை விடுவது மறுபாதி.

அடுக்கத் தொடங்குமுன், தொட்டியின் நீள அகலங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அக்கட்டத்துக்குள் கற்களை அடுக்கிப் பாருங்கள். தொட்டிக்குள் கையை விட்டுத் திண்டாடுவதைவிட இது எளிது. அகன்ற கனமான கற்கள் அடியில், இலேசானவை மேலே.

மணலைப் பரப்பிய பின் அதன்மேல் கல்லை வைப்பது பெரும்பிழை. மணலில் வளை தோண்டும் மீன்களும் இறால்களும் உண்டு. அவை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கல்லின் அடிமணலை அகற்றும். ஒருநாள் கல் சரியும். சரியும் கல் மீனை நசுக்கலாம், கண்ணாடியையும் பிளக்கலாம். எனவே முதலில் கல், பின்னரே மணல். அடிக்கண்ணாடியின்மீது மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இட்டால், கல்லின் கூர்முனை ஒரே இடத்தில் அழுத்தாது.

முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலியோ சமமற்ற தரையில் ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்னும் வடிவகணித உண்மையே இதற்குக் காரணம். ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள கற்களை மூன்று இடங்களில் தொடுமாறு வையுங்கள். விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால், திருப்பி வையுங்கள்.

இங்கே ஆர்க்கிமிடீஸ் கூறிய விதியையும் நினைவுகொள்ள வேண்டும். நீருள் மூழ்கிய பொருள் எடை குறையும். சுண்ணாம்புக்கல் கடல்நீரில் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். வெளியே தன் பாரத்தால் அசையாதிருந்த கல்லை, நீருள் விசைக்குழாயின் ஓட்டமோ ஊர்ந்து செல்லும் கடல் முள்ளெலியோ நகர்த்திவிடக் கூடும். ஆதலின் உயர்ந்த அடுக்குகளைப் பிணைத்தே தீர வேண்டும். கற்களில் துளையிட்டுக் கண்ணாடியிழைக் கோலையோ அக்ரிலிக் கோலையோ செருகலாம். இரு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் ஈப்பாக்சிப் பசை நீருள்ளும் இறுகும். அதனை மூட்டுகளில் அப்பலாம். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். செம்பும் பித்தளையும் கூடவே கூடா; நீரில் கரையும் செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் நஞ்சு. எல்லாக் கற்களையும் ஒரே பிண்டமாக்கிவிடவும் வேண்டா. இரண்டு மூன்று தொகுதிகளாக அமைத்தால், நோயுற்ற மீனைப் பிடிக்க நேரும்போது ஒரு தொகுதியை மட்டும் தூக்கி எடுக்கலாம்.

இனி, இக்கல்லை எங்கிருந்து பெறுவது? இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் உண்டு. சுண்ணாம்புக்காக அப்பாறைகளை வெட்டிப் படகு படகாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. பாறை அலையைத் தடுக்கும்; பாறை போனால் அலை தீவை அரிக்கும். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருள் மூழ்கிக் கிடக்கின்றன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உரிய பாதுகாப்பு இன்று பவளத்துக்கும் உரியது. ஆகவே நம் கடலிலிருந்து ஒரு துண்டையும் எடுத்தல் ஆகாது.

அதனால் குறையொன்றும் இல்லை. சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் கலந்து, துளைகள் அமையுமாறு நாமே கல் வார்க்கலாம். அதன் காரம் நீங்கும்வரை பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். பின்னர்த் தொட்டியில் அடுக்கி, நல்ல நிலையிலுள்ள வேறொரு தொட்டியின் மணலில் ஒரு பிடி தூவினால், நுண்ணுயிர்கள் தாமே பரவும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் அற்றுப்போகும்வரை மீனை விடலாகாது. அதற்குச் சில வாரங்கள் ஆகும். அகத்துளைகளில் உயிர் நிலைபெறப் பல மாதங்கள் ஆகும். பொறுமையற்றவனுக்குக் கடல்நீர்த் தொட்டி ஏற்றதன்று.

பள்ளிகளில் இத்தகைய தொட்டி ஒன்று அமையுமாயின், மாணவர்கள் வேதியியலையும் வடிவகணிதத்தையும் உயிரியலையும் ஒரே இடத்தில் கற்பர். தம் கையால் வார்த்த வெறுங்கல்லில் ஊதாப் பாசி முதன்முதலாகப் படர்வதைக் காணும் சிறுவன், ஒரு கல் உயிர்கொள்ள எத்தனை காலம் ஆகிறது என்பதை உணர்வான். அவன் வளர்ந்தபின் கடலிலுள்ள பாறையை உடைக்க மனம் கொள்ளான்.