பழைய மோட்டாரின் பிணியறிதல்

பழைய மோட்டார் வண்டியை வாங்குபவருக்கு இருவகைச் செலவு உண்டு. ஒன்று வாங்கிய விலை. மற்றது, பழுது இன்னதென்று அறியாமல் மாற்றப்படும் உறுப்புகளின் விலை. முதலாவது ஒருமுறையோடு முடியும், இரண்டாவதற்கு எல்லையில்லை. வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கோ, அது நின்ற நாள் வருவாய் நின்ற நாளுமாகும்.

நேயர்கள் பலர் அறிந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டபின், 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இலங்கையிலோ அதன் பின்னரும் பல ஆண்டுகள் வாடகை வண்டியாகவும் குடும்ப வண்டியாகவும் ஓடியது.

கைமாறி வந்த இத்தகைய வண்டிகளைப் பற்றி அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. காலையில் ஒழுங்காகப் புறப்படும். நண்பகல் வெயிலில் பத்துப் பன்னிரண்டு மைல் ஓடியதும் நின்றுவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். கராஜுக்குக் கொண்டுசென்றால் பழுது தோன்றாது. ஒருவர் பிளக்குகளை மாற்றுவார். மற்றொருவர் காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவார். மூன்றாமவர் பற்றரியைப் பழிப்பார். இவர்கள் நேர்மையற்றவர்கள் அல்லர். நோயாளி சுகமாயிருக்கும் வேளையிலேயே வைத்தியரிடம் காட்டப்படுகிறார் என்பதே குறை.

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அக்குறளின் எண் 948. 1956 இல் வந்த மைனர் 1000 எந்திரத்தின் கொள்ளளவும் 948 கன சென்ரிமீற்றர்! இவ்வொற்றுமை தற்செயலே, எனினும் நெறி வண்டிக்கும் பொருந்தும்.

பெற்றோல் எந்திரம் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: அளவாகக் கலந்த பெற்றோலும் காற்றும், உரிய நேரத்தில் தீப்பொறி, சிலிண்டரினுள் போதிய அமுக்கம். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியில் முதலில் ஐயுறத்தக்கவை முன்னைய இரண்டுமே. விளக்கை அணைத்தாற்போலச் சட்டென நின்றால் மின்சாரத்தில் ஐயங்கொள்ளலாம். திணறித் திணறி வலுவிழந்து நின்றால் பெற்றோல் வரவில்லையெனக் கருதலாம். ஆனால் சோதித்தே தெளிதல் வேண்டும்.

சோதனைக்குரிய இடம் வண்டி நின்ற தெருவோரம். உரிய நேரம் அது ஆறுமுன்பு. முதலாவதாகச் சாவியைத் திருப்பிச் செவிகொடுக்க வேண்டும். மைனரின் மின் பெற்றோல் பம்பி 'டிக் டிக்' என அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். ஒலியே இல்லாமல், விரலால் தட்டியதும் உயிர்பெறுமாயின், அதன் தொடுமுனைகள் தேய்ந்துள்ளன என ஊகிக்கலாம். ஓயாது அடித்தால், பெற்றோல் ஏறவில்லை. குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், அல்லது வெப்பத்தால் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். இரண்டாவதாகத் தாங்கியின் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளிழுபட்டு, வண்டியும் உடனே புறப்படுமாயின், மூடியின் காற்றுத்துளை அடைபட்டதே காரணம். ஒரு சதமும் செலவில்லாத பழுது அது! மூன்றாவதாக, தாங்கியை மூடி, பெற்றோல் சிந்தவில்லையென்று கண்டபின், தீப்பொறியைப் பார்க்க வேண்டும். பொறி இல்லையேல், சூட்டில் தளரும் கொயில், கொண்டென்சர், டிஸ்ரிபியூற்றரினுள் உறை சிதையாமலே அறுந்த சிறு கம்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நோக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக என்பதே இங்கு முக்கியம். மூன்று உறுப்புகளை ஒருங்கே மாற்றி வண்டி ஓடினால், எதனால் ஓடிற்று என்பது தெரியாது. அடுத்த மாதம் நின்றால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ஆதலின், நின்ற நேரம், ஓடிய தூரம், வெயிலா மழையா, மாற்றிய உறுப்பு எது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துவைத்தல் நன்று. திருத்துபவரிடம் அக்கொப்பியைக் காட்டினால் அவருடைய வேலையும் பாதியாகும்.

1990களில் தடையினால் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில் இவ்வகைப் பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் எந்திரத்தை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகும். பிளக்கில் கரி படியும். எரியாத எண்ணெய் வடிந்து எந்திர ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். புதிய உறுப்புகளுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. காரணத்தை அறிந்த சாரதி பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார், ஒயிலைத் தொட்டுப் பார்த்தார், வண்டி ஓடிற்று.

ஆகவே, பழைய வண்டி நம்பத்தகாதது என்று தள்ளுமுன், அதன் பழுதை அது நிகழும் வேளையில் எவரேனும் ஒருமுறையாவது நின்று பார்த்தாரா என்று கேட்டல் வேண்டும்.