மின்பெட்டி கேட்கும் மூவடி இடம்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற பாதுகாப்பு விளக்க உரையின் எழுத்து வடிவம்)



கேமரன் மலை தேயிலைக்கு மட்டுமன்று, மின்சாரத்திற்கும் பெயர் பெற்றது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1963ஆம் ஆண்டில் ரிங்லெட்டில் சுல்தான் அபுபக்கர் அணை எழுந்தது. பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, ஜோர் மின்நிலையத்தில் மின்சாரமாக மாறுகிறது. மலைநீரே ஒளியாகும் இவ்வூரில், அந்த மின்சாரம் வீட்டினுள் நுழையும் பெட்டி எங்கே உள்ளது என வினவினால் கிடைக்கும் விடைகள் வியப்பளிப்பவை. அலமாரிக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கு மேலே, துணிகள் தொங்கும் கொடிக்கு அப்பால் என்பனவே அவை.

இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. லயத்து வீடு சிறியது. பிள்ளைகள் வளர வளரப் பொருள்களும் பெருகுகின்றன. வெறுமையாகக் கிடக்கும் சுவரடியில் அலமாரி நிற்பது இயல்பே. ஆயினும், மின்பெட்டியின் முன்னுள்ள வெறுமையான இடம் வீணான இடமன்று. அதுவும் மின்பெட்டியின் ஓர் உறுப்பே ஆகும்.

காரணம் யாதெனில், பெட்டியினுள் இருக்கும் காவலர்கள் எல்லா ஆபத்தையும் அறிய வல்லவர்கள் அல்லர். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் எம்.சி.பி. எனப்படும் சுவிட்ச் விழுந்துவிடும். மின்சாரம் மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்திற்குக் கசிந்தால், இ.எல்.சி.பி. என மக்கள் அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் விழுந்துவிடும். குளிர் மிகுந்த இம்மலையில் வெந்நீர்க் கருவி இல்லாத வீடு அரிது. அக்கருவிக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் துண்டிப்பான் தேவை. ஆனால், மூன்றாவது ஆபத்து ஒன்றுண்டு. மூடுபனியும் மழையும் ஓயாத இடத்தில், குளிர்ந்த வெளிச்சுவரில் மாட்டிய பெட்டியினுள் ஈரம் படிகிறது. திருகுகள் துருவேறித் தளர்கின்றன. தளர்ந்த இணைப்பின் வழியே மின்சாரம் பாயும்போது அவ்விடம் சூடேறி, கம்பியின் மேலுறை கருகுகிறது. அங்கே மின்னோட்டம் அளவை மீறவில்லை. நிலத்திற்குக் கசியவும் இல்லை. ஆகவே எந்தக் காவலனும் விழுவதில்லை. அந்த நேரத்தில் காப்பவை கருகிய வாடையை உணரும் மூக்கும், மெயின் சுவிட்சை எட்டும் கையுமே.

நள்ளிரவில் ஒரு தாய் அவ்வாடையை உணர்ந்து விழிப்பதாகக் கொள்க. கணவர் ஆலையில் இரவு வேலையில் இருக்கிறார். பெட்டியோ அலமாரிக்குப் பின்னால். அலமாரியை அவரால் தனியே நகர்த்த இயலாது. நாற்காலியைத் தேடி, அதன்மேல் ஏறி, இருட்டில் கையை நீட்டித் துழாவும் அந்த இரண்டு நிமிடங்களில் குடும்பத்தின் கதியே மாறிவிடக்கூடும். பெட்டி பழுதற்றதா என்று ஆராய்வோர் பலர். பெட்டியைக் கை எட்டுமா என்று ஆராய்வோர் சிலரே.

அமெரிக்க நாட்டின் மின் விதித்தொகுப்பு, மின்பெட்டியின் முன் குறைந்தது 3 அடி ஆழமும், இரண்டரை அடி அகலமும், ஆறரை அடி உயரமும் கொண்ட இடம் வெறுமையாக இருக்கவேண்டும் என வகுத்துள்ளது. வீடுகளின் குளியலறையிலும், துணி வைக்கும் அலமாரி அறையிலும், மாடிப்படிகளின் மேலும் அப்பெட்டியை அமைத்தலாகாது என்றும் விலக்கியுள்ளது. அங்கு வகுத்த விதியாயினும், அதன் நியாயம் இங்கும் பொருந்தும். அடுப்பிற்கு மேலும், தண்ணீர்த் தொட்டியின் அருகிலும் பெட்டி இருப்பதும் தகாது.

சிறிய வீட்டில் மூவடி இடத்திற்கு எங்கே போவது எனும் வினா எழலாம். வழி உண்டு. எந்த வீட்டிலும் வாசற்கதவை ஒட்டிய நடைவழி வெறுமையாகவே இருக்கும். ஆள் நடக்கும் இடத்தில் எவரும் மூட்டையை அடுக்குவதில்லை. அங்குள்ள உட்சுவரில், திறந்த கதவு மறைக்காத பக்கத்தில், நின்றபடியே கை எட்டும் உயரத்தில் அமைவதே பெட்டிக்கு உகந்த இடம். வெளியேறும் வழியிலேயே சுவிட்சையும் அணைத்துவிடலாம்.

பெட்டியை இடம் மாற்றுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. வீட்டார் தாமே செய்யத் துணிதல் கூடாது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்கு மின்வசதி அளிப்பதையும் கட்டடங்களைச் செப்பனிட்டு வைப்பதையும் முதலாளியின் கடமையாக்கியுள்ளது. எனவே, தகாத இடத்திலுள்ள பெட்டியைக் குறித்து நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவிப்பது முறையான செயலே. ஆனால், அலமாரியை நகர்த்துவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதை இன்று மாலையே செய்துவிடலாம்.

ஆலயத்திற்கும் இது பொருந்தும். 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, மதுரை மீனாட்சி அம்மன் ஆலயத்தின் வீரவசந்தராயர் மண்டபம் தீயால் சிதைந்தது. கருங்கல் மண்டபமேயாயினும், அங்கே நெருங்கியிருந்த கடைகளின் பொருள்கள் எரிந்தபோது தூண்களும் கூரையும் சேதமுற்றன. எண்ணெய் டின், பந்தல் துணி, காகிதப் பூக்கள் ஆகியவை குவியும் பொருளறையில் மின்பெட்டியை வைப்பது அறிவுடைமையாகாது. மடப்பள்ளியும் அதற்கு ஏற்ற இடமன்று. மண்டபத்தின் பக்கவாயிலை ஒட்டிய உலர்ந்த உட்சுவரே ஏற்றது. பெட்டிக்குப் பூட்டிருப்பின், சாவி ஒருவரிடம் மட்டும் முடங்கியிருத்தல் ஆகாது. திருவிழா அலங்கார விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சும் தனித் துண்டிப்பானும் அமைத்து, அவற்றை அணைக்கும் பொறுப்பாளர் இன்னார் என்பதைத் தொண்டர்கள் அனைவருக்கும் அறிவித்தல் நலம்.

மாபலியிடம் வாமனர் இரந்தது மூவடி மண். மாபலி தந்த மூவடி அவனது உலகங்களையெல்லாம் எடுத்துக்கொண்டது. மின்பெட்டி கேட்பதும் மூவடியே. அதைத் தரும் குடும்பம் எதையும் இழப்பதில்லை. இவ்வாண்டுத் திருவிழாவிற்கு வீட்டைத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு குடும்பமும் அந்த மூவடியை முதலில் ஒழித்துத் தருமாக. ஒளி ஏற்றும் கைகள், வேண்டும்போது அதை அணைக்கவும் எட்டட்டும்.